தெர்மல் கேமரா: சேலத்துக் கேள்விகள், பதில்கள்

கேள்வி (விசைத்தறிக் கூடம், கொண்டலாம்பட்டி): அண்ணா, மெயின் பேனலில் செம்பு பஸ்பார் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை) 36 டிகிரி காட்டுகிறது, அதில் மாட்டிய கேபிளின் உறையோ 70. கேமரா பழுதா?

பதில்: கேமரா சரிதான், செம்புதான் ஏமாற்றுகிறது. பளபளக்கும் செம்பின் உமிழ்திறன் (தன் சூட்டை வெளியே வீசும் திறன், உச்சம் 1) 0.1-க்கும் கீழே. அந்த 36, பெரும்பாலும் எதிர்ச் சுவரின் வெப்பம் அதில் பட்டுத் திரும்பியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். தறிகளை ஓட்டி, சூடு நிலைத்ததும், கேமராவில் உமிழ்திறனை 0.95 என்று வைத்து டேப்பின் மேல் பாருங்கள்.

கேள்வி (அவரே): மூன்று ஃபேஸில் ஆர் ஃபேஸின் லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) 78, மற்ற இரண்டும் 46. நட்டை இறுக்கினால் போதுமா?

பதில்: போதாது. ஒரே லோடுள்ள ஃபேஸ்களுக்குள் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே தள்ளிப்போடக் கூடாது, உங்களுக்கு 32. முதலில் கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் எடுங்கள். சூடு லக்கில் உச்சமாக இருந்து கேபிள் வழியே குறைந்துகொண்டே போனால் இணைப்பில் கோளாறு. கேபிள் நெடுகச் சூடு என்றால் அந்த ஃபேஸில் லோடு கூடிவிட்டது. இணைப்புக் கோளாறு என்றால், கருகிய லக்கை எவ்வளவு இறுக்கினாலும் கறுப்புப் படலம் உள்ளேயே இருக்கும், மறுபடி சுடும். லைனை நிறுத்தி, பளிச்சென்ற செம்பு தெரியும்வரை கேபிள் முனையை வெட்டி, புது லக்கை கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்திப் பிணையுங்கள்). பஸ்பார் பரப்பையும் தேய்த்துச் சுத்தம் செய்து, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்குங்கள்.

இன்னொன்று: பாதித் தறி ஓடும்போது பார்க்காதீர்கள். இணைப்பில் பிறக்கும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். பாதி லோடில் கால்வாசிதான் தெரியும்.

கேள்வி (மாக்னசைட் சூளை): வெளித்தகட்டில் எங்கு பார்த்தாலும் 150-க்கு மேல் ஏறவில்லை.

பதில்: கேமரா 150 வரை மட்டும் அளக்கும் தாழ் வரம்பில் இருக்கிறது. உயர் வரம்புக்கு மாற்றி, வெயில் படாத இரவில் பாருங்கள். ஒரு திட்டு மட்டும் தனித்துச் சுட்டால், அங்கே உள்செங்கல் தேய்ந்திருக்கலாம்.

கேள்வி (காபித் தோட்டம், ஏற்காடு): எந்தச் செடிக்குத் தண்ணீர் தேவை, எதில் தண்டுத் துளைப்பான் இருக்கிறது என்று கேமரா சொல்லுமா?

பதில்: முதலாவதைச் சொல்லும். தண்ணீர் குறைந்தால் இலைத்துளை மூடும், நீராவி போகாது, இலை சுடும். ஆனால் எத்தனை டிகிரி என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. அதே செடியில் ஓர் இலையில் தண்ணீர் தெளியுங்கள். இன்னோர் இலையின் இரு பக்கமும் வாசலின் தடவுங்கள். ஈர இலை 24, வாசலின் இலை 32, சாதா இலை 30 என்று வைத்துக்கொள்வோம். 30-இல் 24 போக 6. 32-இல் 24 போக 8. 6-ஐ 8-ஆல் வகுத்தால் 0.75. 1-ஐ நெருங்க நெருங்கத் தாகம் அதிகம். மூன்று இலையும் ஒரே வெளிச்சத்தில் இருக்கட்டும். சில்வர் ஓக் நிழல் புள்ளிபுள்ளியாக விழும் இடத்தில் எடுத்தால் கணக்கு கெடும். மூடுபனி நாளில் எடுக்கவே வேண்டாம்.

தண்டுத் துளைப்பானுக்கு இதை நம்பாதீர்கள். கேமராவுக்குத் தெரிவது பட்டையின் மேற்பரப்பு மட்டும். தண்டில் வளையமாகப் புடைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதே மேல்.

கேள்வி (மாடி சோலார், அழகாபுரம்): ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சுடுகிறதே?

பதில்: அந்த வரிசை மின்சாரம் தரவில்லை, மற்ற வரிசைகளின் மின்சாரம் அதைச் சுற்றி, பைபாஸ் டயோடு என்ற மாற்றுப் பாதை வழியே போகிறது. நிழலோ பறவை எச்சமோ இல்லையென்றால் ஜங்ஷன் பாக்ஸைச் சோதிக்கச் சொல்லுங்கள். நேர் எதிரே நின்று எடுக்காமல் சற்றுச் சாய்வாக எடுங்கள், இல்லையென்றால் கண்ணாடியில் உங்கள் உடம்புச் சூடே விழும்.