மட்டாஞ்சேரி ஜூ டவுன்: நடந்து பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கொச்சியில் குடியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களை மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சித் தெருக்களில் அழைத்துக்கொண்டு நடப்பது என் வேலை. யூதர் வரலாறு பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கோயம்புத்தூரிலிருந்து: அக்கா, வெள்ளி இரவு கிளம்பி சனிக்கிழமை முழுவதும் சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்று இருக்கிறோம். போதுமா?

சனிக்கிழமை ஜூதப் பள்ளி, அதாவது யூதர்களின் தொழுகைக் கூடம், பூட்டியிருக்கும். அன்றுதான் சபாத், ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. வாரக் கடைசியில் வருகிற நம் ஆட்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வேட்டு வைக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் நில்லுங்கள். மதியம் ஒன்று முதல் மூன்று வரை இடைவேளை, மாலை ஐந்துக்கு மூடிவிடும். செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் வரிசையாக வரும், அந்த நாட்களிலும் திறக்காது. தேதி பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

உள்ளே செருப்பு, கேமரா இரண்டும் கூடாது. தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். அரை டிரவுசரில் வந்து வாசலில் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: தெருவே இருநூறு அடி நீளம்தான் என்கிறார்கள். இதற்கு எதற்கு கைடு?

பள்ளியை மட்டும் பார்த்துவிட்டுப் போவதென்றால் தேவையே இல்லை. டிக்கெட் வாங்குங்கள், பாருங்கள், கிளம்புங்கள். ஆனால் அந்தப் பள்ளி இந்தக் கதையில் சின்னப் பங்கு. இருபதாம் நூற்றாண்டில் கேரளத்தில் எட்டு ஜூதப் பள்ளிகள் இருந்தன: மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், பரவூர், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. சுற்றுலாப் பயணிகள் குவியும் பரதேசிப் பள்ளி அதில் ஒன்று, பின்னாளில் வெளிநாடுகளிலிருந்து வந்த யூதர்களுடையது. மற்ற ஏழும் மலபாரி யூதர்களுடையவை, அதாவது முன்பிருந்தே இங்கே வாழ்ந்தவர்களுடையவை. தலைக்கணக்கில் அவர்கள்தான் எப்போதும் அதிகம். அவர்களைப் பற்றி அறிவிப்புப் பலகையில் அதிகம் இருக்காது.

கைடைத் தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். "கடவும்பாகம் பள்ளி எங்கே?" என்று கேளுங்கள். முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அதே ஈரோட்டுக்காரர்: சரி, கடவும்பாகம் பள்ளி எங்கே?

அதே ஜூதத் தெருவின் மறுகோடியில். 1544இல் கட்டியது, அதாவது பரதேசிப் பள்ளியை விட 24 வருடம் மூத்தது. ஜனங்கள் இஸ்ரேலுக்குப் போன பிறகு சரக்குக் கிடங்காகக் கிடந்தது. 2019 மழையில் முன்பக்கச் சுவர் சரிந்து விழுந்தது. செதுக்கிய மரக் கூரையோடு அதன் உள்ளலங்காரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். கழற்றி எடுத்துப்போய் 1990களில் அங்கே பொருத்திவிட்டார்கள். இங்கே மிச்சமிருப்பது சுவர்தான். பயணிகளில் பெரும்பாலோர் இந்த இடம் வரைக்கும் நடப்பதே இல்லை. கூட்டம் கடைகளோடு நின்றுவிடும்.

அந்தப் பக்கமே வீடுகளுக்கு நடுவில் நெஹேமியா மோத்தா என்பவரின் கல்லறை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த யூத ஞானி, கவிஞர். கொச்சி யூதர்களுக்கு இன்றும் மகான். யூதர் போன பிறகும் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்கள் நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நம் ஊர் தர்கா, சமாதிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து: பரதேசிப் பள்ளிக்குள் எதைக் கவனிக்க வேண்டும்? பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம் என்று தோழி சொன்னாள்.

எல்லாரும் மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நீங்கள் முதலில் குனிந்து பாருங்கள். தரை முழுக்க சீனத்தில் கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள். டச்சுக் கம்பெனியோடு வியாபாரம் செய்த எசக்கியேல் ரகாபி 18ஆம் நூற்றாண்டில் கப்பலில் வரவழைத்தவை. "ஒன்று போல் இன்னொன்று இல்லை" என்று எல்லாக் கைடும் சொல்வார். உட்கார்ந்து பார்த்தால் சில மாதிரிகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆனால் கை வேலை அல்லவா? ஒரு ஓட்டில் மரக்கிளை மெல்லிய கோடாக ஓடும், அடுத்ததில் அதே கிளை மை கசிந்து தடித்திருக்கும். ஓடுகள் ராஜாவுக்கு வந்தவை, பசு ரத்தம் கலந்திருக்கிறது என்று சொல்லித் தட்டிக்கொண்டு போனார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. ரசித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மேடை, தேபா. வேதம் வாசிக்கிற இடம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மாடியில் இன்னொரு மேடை தெரியும். இப்படி மாடியிலும் ஒரு தேபா வைப்பது கேரளத்துப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. பண்டிகை நாட்களில் அங்கிருந்து வாசிப்பார்கள். அதன் பின்னால்தான் பெண்கள் உட்காரும் பகுதி. ஆக, அந்த நாட்களில் வாசிப்பு பெண்களுக்குப் பக்கத்திலேயே நடக்கும். எனக்கு இந்தக் கட்டடத்தில் பிடித்ததே இதுதான்.

வெளியே வந்தால் 1760இல் எழுப்பிய மணிக்கூண்டு. ஹீப்ரு, மலையாளம், ரோமன் எண்களில் தனித்தனி முகப்புகள். கூடவே பள்ளிக்கும் அரண்மனைக் கோயிலுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. கொடுங்கல்லூர்ப் பக்கம் போர்ச்சுகீசியர் கொடுத்த தொல்லையில் ஓடிவந்தவர்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனைச் சுவரை ஒட்டியே இடம் கொடுத்தார். 1662இல் டச்சுக்காரர்களை ஆதரித்தார்கள் என்று போர்ச்சுகீசியர் இந்தப் பள்ளியையும் நாசம் செய்தார்கள். டச்சுக்காரர் வந்த பிறகு சரிசெய்து கட்டியது.

திருச்சியிலிருந்து: கறுப்பு யூதர், வெள்ளை யூதர் என்று பிரிவு இருந்ததாமே? யூதர்களிலும் சாதியா?

இருந்தது. இதை மழுப்பிப் பேசுகிற கைடுகள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

பழங்காலத்திலிருந்தே இங்கே வேரூன்றியவர்கள் மலபாரிகள். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டவர்களும், பிறகு அலெப்போ, ஈராக் என்று வந்து சேர்ந்தவர்களும் பரதேசிகள். வந்தவர்கள் தங்களை வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு, முன்பே இருந்தவர்களைக் கறுப்பர் என்று தள்ளிவைத்தார்கள். பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. இன்னொரு கூட்டமும் உண்டு. பரதேசி வீடுகளில் அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் இதே பள்ளிக்குத்தான் வர வேண்டும், ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்துத் தரைதான். பள்ளிக்குள் நுழையும்போது ஒரு அறையைக் கடந்து போவீர்கள் அல்லவா, அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

அந்தத் தரையில் உட்கார வேண்டிய குடும்பத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி. சென்னையில் சட்டம் படித்து வக்கீலானவர், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். காங்கிரஸ்காரர், தொழிலாளர்களுக்காகவும் பேசியவர். காந்தியின் வழியை அப்படியே பள்ளிக்குள் கொண்டுபோய் சத்தியாகிரகம் செய்தார். கட்டுப்பாடுகள் ஒரேயடியாகப் போகவில்லை, ஒவ்வொன்றாகத்தான் உடைந்தன. அவர் மகனும் பரதேசிக் குடும்பப் பெண் ஒருவரும் விரும்பியபோது, கல்யாணம் பம்பாயில்தான் நடக்க முடிந்தது. 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். இன்று ஜூ டவுன் தெருவுக்கே அவர் பெயர். பெயர்ப் பலகையைப் பார்த்து 'இதென்ன நம்ம சேலமா?' என்று கேட்காத குழுவே கிடையாது.

தக்கலையிலிருந்து: எங்கள் ஜமாஅத் பெயரிலேயே அஞ்சுவண்ணம் இருக்கிறது. கொச்சி யூதர் செப்பேட்டிலும் அதே பெயர் வருகிறதாமே? பட்டயம் கி.பி. 379ஆம் ஆண்டையது என்று படித்தேன், சரியா?

379 என்பது பழைய கணக்கு. எழுத்தமைதியையும் மன்னனின் காலத்தையும் வைத்து இப்போது ஆய்வாளர்கள் ஏற்பது கி.பி. 1000ஐ ஒட்டிய காலம். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம்), இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்தது. இன்றைய வழக்கில் ஜோசப் ரப்பான். எழுத்து வட்டெழுத்து, நடுநடுவே கிரந்தம். மொழி, தமிழும் மலையாளமும் பிரியாத நிலையில் உள்ளது. நமக்கு வாசித்தால் புரியும்: பகல் விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப் பறை, தோரணம் என்று உரிமைகள் வரிசையாக வரும். பகலிலும் விளக்குப் பிடித்து வரலாம், நடக்கத் துணி விரிக்கலாம், பல்லக்கில் போகலாம். எல்லாம் அரசருக்கும் பிரபுக்களுக்கும் இருந்த மரியாதைகள். மொத்தம் 72. மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமகன்களுக்கும் சேர்த்து, உலகும் சந்திரனும் உள்ளளவும் செல்லும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து கடல் வழியாக வந்த வணிகர்களின் கூட்டமைப்பு. யூதர் மட்டும் அதில் இல்லை. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அஞ்சுவண்ணம் வருகிறது. சிரியக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்த அந்தப் பட்டயத்தின் சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி (பழைய பாரசீக எழுத்து), ஹீப்ரு என மூன்று எழுத்துகளில் இருக்கின்றன. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளில் அஞ்சுவண்ணத்தார் என்றால் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். உங்கள் ஜமாஅத் பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

அசல் செப்பேடு பரதேசிப் பள்ளியின் பாதுகாப்பில் இருக்கிறது. கேட்டவுடன் எடுத்துக் காட்ட மாட்டார்கள். 2017இல் பிரதமர் மோடி இஸ்ரேல் போனபோது இதன் நகலைத்தான் பரிசாகக் கொண்டுபோனார்.

சென்னையிலிருந்து: இங்கே யாரும் யூதர்களைத் துன்புறுத்தவில்லை என்கிறார்கள். பிறகு ஏன் போனார்கள்? இப்போது எத்தனை பேர்?

போர்ச்சுகீசியர் காலத்தை விட்டுவிட்டால் விரட்டியவர் யாருமில்லை. போனதற்கு முதல் காரணம் பக்தி. இஸ்ரேல் 1948இல் உருவானபோது, இரண்டாயிரம் வருடமாகப் பிரார்த்தனையில் கேட்டுவந்தது நடந்துவிட்டதாகவே நினைத்தார்கள். மலபாரிகள் 1950களில் ஊர் ஊராக, பள்ளியோடு பள்ளியாகக் கிளம்பினார்கள். அதற்குச் சேலமும் உழைத்தார், ஆனால் அவர் இங்கேயே இருந்து 1967இல் காலமானார். போனவர்களில் பலரை நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் அமர்த்தினார்கள். சந்தையில் வியாபாரம் பார்த்தவர்கள் அங்கே மண்ணைக் கொத்தப் பழக வேண்டியிருந்தது.

சொத்து பத்து இருந்த பரதேசிகள் மெதுவாகத்தான் கரைந்தார்கள். தையல்கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல், 96 வயதில் காலமானார். குவீனி ஹலேகுவா 2024இல் காலமானபோது, பரதேசிகளில் ஒரே ஒருவர்தான் மிஞ்சியிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. எர்ணாகுளம் பக்கம் மலபாரிகள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் முழுத் தொழுகை. பல சமயம் வெளிநாட்டுப் பயணிகளை வைத்துத்தான் எண்ணிக்கையை நிரப்புவார்கள்.

சாராவின் கடையை அவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட முஸ்லிம் குடும்பம் நடத்துகிறது. தொழுகைக் குல்லாவும், சபாத் ரொட்டியை மூடும் பூவேலைத் துணியும் கிடைக்கும். வாங்குவதென்றால் அங்கே வாங்குங்கள். மற்றக் கடைகளில் 'பழைய யூத வீட்டுச் சாமான்' என்று காட்டுவதில் பாதி போன வருஷம் செய்தது.

வேளச்சேரியிலிருந்து: சென்னையிலும் யூதர் இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் கொச்சி யூதர்களோடு சம்பந்தமில்லாதவர்கள். 17ஆம் நூற்றாண்டில் லண்டன் வழியாக வந்த போர்ச்சுகீசிய யூத வைர வியாபாரிகள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். மண்ணடிப் பவளக்காரத் தெரு அந்த வியாபாரத்தின் அடையாளம். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில், அதாவது மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில், மூன்று பேர் யூதர்கள். கட்டடமாகப் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. லாயிட்ஸ் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் சில கற்கள் இருக்கின்றன.

சேலத்திலிருந்து: எட்டு வயதுப் பையனைக் கூட்டிவரலாமா?

காலையில் என்றால் வரலாம். மதிய வெயிலில் வேண்டாம். மணிக்கூண்டும் மசாலா மூட்டைக் கிடங்குகளும் அவனுக்குப் பிடிக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: கூடுதலாக ஒரு நாள் இருக்கிறது. ஆலப்புழை படகுவீடா, வேறு ஏதாவதா?

படகுவீடு எங்கேயும் போகாது. வடக்கே பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். எர்ணாகுளத்திலிருந்து பரவூருக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. இரண்டு ஊர்ப் பள்ளிகளையும் கேரள அரசின் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்புத் திட்டமான முசிறித் திட்டத்தில் புதுப்பித்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பரவூர்ப் பள்ளியை 1616இல் கட்டியவர் டேவிட் காஸ்தியேல் முதலியார். ஆமாம், முதலியார்தான். யூதர்களின் தலைவருக்குக் கொச்சி ராஜா கொடுத்த பட்டம் அது. தெருவிலிருந்து வாசல் கட்டடம், மூடிய நடை, முற்றம், பிறகு பள்ளி என்று படிப்படியாக உள்ளே போகிற அந்த அமைப்பு பரவூரில்தான் முழுசாக மிஞ்சியிருக்கிறது. மட்டாஞ்சேரியில் கூட்டம் நெருக்கும், இங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

சேந்தமங்கலத்தில் பள்ளிக்கு முன்னால் ஒரு கல் நட்டிருக்கிறது. இஸ்ரேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல், 1269ஆம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய ஹீப்ருக் கல்வெட்டு என்கிறார்கள். கைத்தறிக்கும் பேர்போன ஊர், வேட்டி வாங்கலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.