தட்டில் அச்சேறாத பெயர்கள்

கேள்வி: என் வாப்பாவின் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தபோது தலைமன்னார் கப்பலில் கொண்டுவந்த கிராமபோன் தட்டுகள் எங்கள் பரணில் கிடைத்தன. ஒரு தட்டில், பாட்டு முடிந்ததும் பாடிய அம்மையாரே தம் பெயரைச் சொல்கிறார். ஆனால், ஆர்மோனியம் வாசித்தவரின் பெயர் எந்த லேபிளிலும் இல்லையே, ஏன்?
(கீழக்கரை வாசகர்)

பதில்: பெயர் சொல்லும் அந்தத் தட்டு உங்கள் பெட்டியிலேயே மூத்ததாக இருக்கக்கூடும். 1902இல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியபோது இந்நாட்டில் தட்டு அச்சிடும் ஆலை கிடையாது. மெழுகில் பதிந்த பாட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறிப் போய்த்தான் தட்டாகத் திரும்பியது. அங்கிருந்த தொழிலாளருக்கு நம் மொழிகள் தெரியாதாகையால், எது யாருடைய பாட்டு என்று குழம்பாதிருக்கப் பாடியவரே இறுதியில் பெயரைச் சொல்லி முடித்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்தபின் அந்தத் தேவை குறைந்தது.

ஆக, அந்தக் குரல் விலாசம் எழுதுவதைப் போன்றதுதான்; விலாசத்தில் பக்கவாத்தியக்காரருக்கு இடமில்லை. பாடகர் ஒலிவாங்கும் கூம்புக்கு நேராக நிற்க, வாசிப்பவர்கள் தள்ளி அமர்ந்தார்கள். லேபிளிலும் விளம்பரத்திலும் அதே வரிசைதான். மூன்று நிமிடப் பாட்டைத் தாங்கிப் பிடித்தவரின் பெயரை ஒரு வரியில் அச்சிட என்ன செலவாகியிருக்கும் என்று எனக்கு இன்றும் கோபம் வருவதுண்டு.

பாடியவர்களிலும் பலரை மறந்துவிட்டோம். 1917இல் மறைந்த கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ், அந்தப் பாட்டை ஆதாரமாகக் கொண்டு 'ராகமாலிகா' என்ற படைப்பையே எழுதினார்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வரிப்பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்றிடத்தில், சாய்வான வெளிச்சத்தில் ஓர் எண் தெரியும். அது லேபிளில் அச்சான விற்பனை எண்ணன்று, ஒலிப்பதிவின் எண். அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே அமர்வைச் சேர்ந்தவையாதலால், ஒரு தட்டில் வாசித்தவர் யாரென்று தெரிந்தால் பக்கத்து எண்களுக்கும் துப்புக் கிடைக்கலாம். பாட்டின் நடுவே 'சபாஷ்' என்று பாராட்டும் குரல் வந்தால், அதையடுத்து ஒரு பெயரும் வருகிறதா என்று காதுகொடுங்கள். ஓடியன் என்ற தட்டு நிறுவனத்தின் முத்திரை இருந்தால் தனியே எடுத்துவையுங்கள்: அதைச் சென்னையில் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸில், பின்னாளில் ஏவி.எம். படநிறுவனம் கண்ட காரைக்குடி மெய்யப்பச் செட்டியார் பங்குதாரராக இருந்தார். அன்றைக்குக் காரைக்குடி நம் இராமநாதபுரம் மாவட்டம்தானே!

கேள்வி: கடற்காற்றில் பூஞ்சை பிடித்த பழைய தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?
(தொண்டி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கும் கல்தூளும் கலந்தவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும். வினைல் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோமே தவிர, வினைல் தட்டு வளையும், அரக்குத்தட்டு விழுந்தால் நொறுங்கும். ஒரு சொட்டு மென்சோப்புக் கலந்த நல்ல தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, லேபிளில் ஈரம் படாமல், வரியோடு ஒட்டியே துடையுங்கள். நம் ஊர் உப்புத்தண்ணீர் வேண்டாம். நிழலில் நன்றாகக் காய்ந்தபின் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். இரும்பு ஊசியில் ஓட்டுவதானால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி.