பின்பக்கச் சுழல்படி எங்கே போய் இறங்குகிறது?

கேள்வி: எங்கள் மனை 20 அடி அகலம், 60 அடி நீளம். இரண்டு பக்கமும் பின்பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தரைத்தளத்தில் கடை, மேலே இரண்டு மாடி, மாடிக்கு ஒரு குடும்பம் என்று கட்டப்போகிறோம். உள்ளே ஒரு படிக்கட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. பின்னால் இரும்புச் சுழல்படி ஒன்று வைத்துவிட்டால் அவசர வழிக் கணக்கு முடிந்துவிடும், அனுமதியை நான் வாங்கித் தருகிறேன் என்கிறார் எங்களுக்காக அலுவலகத்துக்கு அலைபவர். நம்பலாமா?

பதில்: அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அந்தச் சுழல்படியில் இறங்கியவர் அடுத்து எந்தப் பக்கம் நடப்பார்? மூன்று பக்கமும் சுவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மறுபடியும் கட்டடத்துக்குள் நுழைந்து, எரிகிற கடையைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும். படுக்கையறையில் தொடங்கித் தெருவில் கால் வைக்கும்வரை அறுபடாமல் வந்தால்தான் அது வெளியேறும் வழி. நடுவில் ஒரு சுவர் மறித்தாலும் வழி இல்லை என்றே அர்த்தம்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. பின்பக்க இரும்புப் படி இறங்கிய இடம், கட்டடங்களுக்கு நடுவே அடைபட்ட ஒரு முற்றம். அந்தப் படியும் பாரம் தாங்காமல் பிய்ந்து விழுந்தது. நூறு வருடம் தாண்டியும் அதே பின்முற்றத்து இரும்புப் படியை உங்களுக்கு விற்க வருகிறார்கள்.

நானே ஒரு முறை அப்படிப்பட்ட படியில் இறங்கிப் பார்த்தேன். மூன்று மாடிக்கும் படி இருந்தது, புது பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. கீழே வந்தால் எதிரே ஒரு கழிவறைச் சுவர். வரைபடத்தில் மூன்றடி நடை என்று காட்டிய இடத்தில்தான் அந்தக் கழிவறையைக் கட்டியிருந்தார்கள். பார்வையிட வந்தவர் முன்பக்கக் காலியிடத்தை டேப் பிடித்து அளந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பின்கதவைத் திறந்து பத்தடி நடந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? எனக்கு இன்றும் ஆறவில்லை.

சுழல்படியே ஒரு பிரச்சினைதான். உள்ஓரத்தில் பாதம் பதிய இடமே கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினால், மேலே ஏற வரும் தீயணைப்பு வீரருக்கு வழி இருக்காது. அமெரிக்க விதி சுழல்படியை வெளியேறும் வழியாக ஒரே வீட்டுக்குள்ளும், ஐந்து பேருக்கு மேல் புழங்காத, 250 சதுர அடிக்கு மிகாத இடத்துக்கும், இப்படிச் சில இடங்களுக்கு மட்டுமே ஏற்கிறது.

சரி, அப்படியானால் ஒரே படிக்கட்டோடு கட்ட முடியாதா? முடியும். தரகர் உங்களிடம் இதைச் சொல்ல மாட்டார். உயரம் குறைவு, ஆட்கள் குறைவு, நடக்கும் தூரம் குறைவு என்றால் பல நாடுகளின் விதிகள் ஒரு படிக்கட்டை அனுமதிக்கின்றன. அமெரிக்க ஊர்கள் தங்கள் விதிக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் பொதுக் கட்டட விதியில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மூன்று தளம் வரை, தளத்துக்கு நான்கு வீடு வரை, நடக்கும் தூரம் 125 அடி வரை இந்தச் சலுகை உண்டு. கட்டடம் முழுக்கத் தானியங்கி நீர்த்தெளிப்பானும், தப்பிக்கும் ஜன்னலும் வேண்டும் என்பது நிபந்தனை. சியாட்டில் நகரில் கூடுதல் பாதுகாப்போடு ஆறு தளம் வரை போகலாம். இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புகளுக்கு 2026 செப்டம்பர் 30 முதல் இரண்டாவது படிக்கட்டு கட்டாயம். உங்கள் ஊர் விதியில் எண்கள் வேறாக இருக்கும். அந்தப் பிரிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

இந்தச் சலுகை நிலைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நாளைக்கே ஒரு மாடியைத் தடுத்து ஆறு அறையாக்கித் தனித்தனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டால் அது போய்விடும். மேல்மாடியில் டியூஷன் சென்டர் வைத்தாலும் போய்விடும். வீடு என்று அனுமதி வாங்கி, கூட்டம் கூடும் இடமாக மாற்றிய பிறகு ‘அப்போதே ஒப்புதல் வாங்கினோமே’ என்று சொல்வதில் பயனில்லை. ஒரே படிக்கட்டு தாங்கும் என்று கணக்குப் போட்டது இரண்டு குடும்பத்துக்கு.

அந்த ஒரு படிக்கட்டுக்குள் புகை வரவே கூடாது. தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும், திறந்த படிக்கட்டு அதற்குப் புகைபோக்கி மாதிரி. அதனால் கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர் வேண்டும். ‘வசதிக்கு’ என்றுகூட அதில் ஒரு கதவு வைக்காதீர்கள். கடைக்குத் தனி வாசல், படிக்கட்டுக்குத் தனி வாசல், இரண்டும் நேரே தெருவுக்கு. வீட்டுக் கதவுகள் தீத்தடுப்புக் கதவுகளாக, தானாக மூடிக்கொள்பவையாக இருக்கட்டும். அப்புறம் அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து வைக்காதீர்கள். படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி வண்டியை சார்ஜ் போடாதீர்கள்.

ஜன்னலிலும் ஏமாற்று உண்டு. அமெரிக்க விதியில் தப்பிக்கும் ஜன்னல் குறைந்தது 20 அங்குல அகலம், 24 அங்குல உயரம், திறப்பு 5.7 சதுர அடி. இந்த 20-ஐயும் 24-ஐயும் பெருக்கினால் மூன்றரை சதுர அடிகூட வராது. சிறிய அளவு இரண்டையும் பிடித்துக்கொண்டு ‘விதிப்படி’ என்பார் கான்ட்ராக்டர். மூன்றுமே பொருந்த வேண்டும். ஜன்னல் தெருவைப் பார்த்திருக்க வேண்டும், கிரில் சாவியில்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும்.

தரகரை விட்டுவிட்டு, வரைபடத்தில் கையெழுத்திடும் பொறியாளரிடமே பேசுங்கள். மாடிப் படுக்கையறையிலிருந்து தெரு வரை ஒரே சிவப்புக் கோடு போட்டு, அதில் வரும் ஒவ்வொரு கதவின் அகலத்தையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். சுழல்படிக்கு வைத்த பணத்தைக் கடைச் சுவருக்கும் கதவுகளுக்கும் போடுங்கள்.