வாசகர் கேள்வி: யாருக்கு எந்த அனுமதி?

கேள்வி: குமுளி வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் கமிஷன் மண்டி ஒன்றுக்கு ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் எதையும் செய்யவல்ல சூப்பர்யூசர் உரிமை கொடுத்திருந்ததால், லோடு பதியும் தம்பி பழைய பில் ஒன்றை அழித்துவிட்டார். இதை எப்படிச் சரிசெய்வது?
– வாசகர் ஒருவர், கம்பம்

பதில்: சூப்பர்யூசர் குறியுள்ள கணக்கு பயன்பாட்டில் இருக்கும்வரை, எந்த அனுமதியைக் கேட்டாலும் ஜாங்கோ ‘உண்டு’ என்றே சொல்லும். எனவே அந்தக் குறியை உங்கள் கணக்கில் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு இன்றே நீக்கிவிடுங்கள். தரவைப் பார்க்கவும் மாற்றவும் ஜாங்கோவே தரும் அட்மின் பக்கத்தில் நுழைவதற்கு, கணக்கில் ஸ்டாஃப் குறி இருந்தால் போதும். ஆனால் உள்ளே எதையும் தொட அனுமதி தனியாக வேண்டும்.

ஒவ்வொரு மாடலுக்கும் (லோடு, பில் போன்ற ஒரு வகைத் தரவின் வடிவமைப்பு) சேர்த்தல், திருத்தல், அழித்தல், பார்த்தல் என்னும் நான்கு அனுமதிகளை, மாடல்களுக்கேற்பத் தரவுத்தளத்தை அமைக்கும் மைக்ரேட் கட்டளையை இயக்கும்போது ஜாங்கோ தானாகவே உருவாக்குகிறது. (பார்த்தல் மட்டும் 2018இல் வெளிவந்த 2.1ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.) இவற்றை ஆள் ஆளாகக் கொடுக்காமல், ‘லோடு பதிவு’, ‘கணக்கு’ என்று குழுக்கள் அமைத்து அவற்றுக்குக் கொடுங்கள்; ஆள் மாறினால் குழுவில் பெயரை மாற்றினால் போதும். லோடு பதிவுக் குழுவுக்கு லோடு மாடலில் சேர்த்தலும் பார்த்தலும், பில் மாடலில் பார்த்தல் மட்டும் இருக்கட்டும். பில்லை அழிக்கும் அனுமதியை எந்தக் குழுவுக்கும் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து: பாக்கித் தகராறு வரும்போது அந்தப் பில்தான் சாட்சி என்பதால், அழிப்பதற்குப் பதிலாக ‘ரத்து’ என்று ஒரு நிலையை மாடலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அனுமதிச் சோதனை அட்மின் பக்கத்தில் மட்டுமே தானாக நடக்கும். நீங்கள் எழுதிய வியூ (ஒரு பக்கத்துக்கான கோரிக்கையைக் கையாளும் நிரல்பகுதி) ஒவ்வொன்றிலும், அனுமதி உண்டா என்று முதலில் பார்க்கும் பெர்மிஷன் ரிக்கொயர்ட் டெக்கரேட்டரை நீங்களே சேர்க்க வேண்டும்.