விரிசல் விழுந்த வீடு

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்யும் பொறுப்பு என்னிடம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு பைபிளில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 22ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசினேன். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்று வரும் பகுதி. யார் பெயரையும் நான் சொல்லவில்லை. ஆனால் சபை மூப்பர் ஒருவர் புது வீடு கட்டி, கொத்தனார்களுக்குப் பாக்கி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் குடும்பம் பாதியில் எழுந்து போனது. மறுவாரமே பிரசங்கப் பட்டியலில் என் பெயர் இல்லை. நண்பர்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டுமா? இனி யூடியூபில் தனியாகப் பேசலாமா? ஒரே ஆறுதல், போன மாதம் அந்தப் புது வீட்டின் முன்சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழுந்திருக்கிறது. கர்த்தர் யார் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள்மேல் பாசம் வந்தது, இரண்டாம் முறை கோபம். சில வாரங்களாக நானும் எரேமியாவோடுதான் இருக்கிறேன், அதனால் இரண்டுமே சற்றுக் கூடுதலாக வந்திருக்கலாம்.

யூடியூப் உங்கள் விருப்பம். எழுந்து போனவர்களையும் விடுங்கள். அந்த அதிகாரத்தை எடுத்தால் யாராவது எழுந்து போகத்தான் செய்வார்கள். அது முதலில் சொல்லப்பட்டதே யூதா தேசத்து யோயாக்கீம் ராஜாவுக்கு எதிராக. விசாலமான மாடி, பெரிய ஜன்னல்கள், கேதுரு மரப் பலகை, சிவப்புச் சாயம் என்று அவன் வீட்டை வர்ணித்துவிட்டுத்தான் கூலிக் கணக்கைக் கேட்கிறார் எரேமியா. அதே ராஜாதான் பின்னால் அவருடைய சுருளை மூன்று நான்கு பத்தி வாசிக்க வாசிக்கக் கத்தியால் அறுத்துக் கணப்பில் போட்டான். குளிர்காலம் வேறு. உங்களுக்குப் போனது பட்டியலில் ஒரு வரி.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு வரி போனால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு காலையில் எல்லோரும் உங்களைத் தாண்டி வேறு யாருக்கோ கை கொடுப்பார்கள். நேற்றுவரை தோளில் கை போட்டவன் செருப்பு மாட்டுவதில் மும்முரமாக இருப்பான். எரேமியாவுக்கும் சொந்த ஊரான ஆனதோத்துக்காரர்களே கொலைத் திட்டம் போட்டார்கள், உடன்பிறந்தவர்களும் கைவிட்டார்கள். கல்யாணம் கிடையாது. விருந்து வீட்டுக்கும் போகக்கூடாது, துக்க வீட்டுக்கும் போகக்கூடாது. 23 வருடம் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை என்று ஓரிடத்தில் கணக்குச் சொல்கிறார். அந்தத் தனிமை உங்களுக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. அதற்காக உங்களோடு நானும் வருத்தப்படுகிறேன்.

ஆனால் அந்தச் சுவரை ஏன் ஐயா கடிதத்துக்குள் கொண்டுவந்தீர்கள்?

அடித்தளம் சரியில்லை என்றால் சுவர் விரியும். பரிசுத்தவான் வீட்டுச் சுவரும் விரியும். அதில் தீர்ப்பைப் படித்தால், நாளை உங்கள் வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அதே பாஷையில் பேச மூப்பருக்கும் உரிமை கொடுக்கிறீர்கள். ஊரியா என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தார். எருசலேம் அழியும் என்று எரேமியா சொன்னதையேதான் அவரும் சொன்னார். எகிப்துக்கு ஓடியவரைப் பிடித்து வந்து வாளால் வெட்டினான் யோயாக்கீம். எரேமியாவுக்கு அகீக்காம் என்று ஓர் ஆள் துணை இருந்ததால் உயிர் தப்பியது. செய்தி ஒன்று, முடிவு இரண்டு. இதில் கர்த்தர் யார் பக்கம் என்று விரிசலைப் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அதே புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தை எடுங்கள். எரேமியா கழுத்தில் நுகத்தோடு நிற்கிறார், பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்று சொல்ல. அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எல்லோர் முன்னிலையிலும் வந்து, பாபிலோன் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருடத்தில் திரும்பி வரும் என்கிறான். அதைக் கேட்டு எரேமியா சொல்லும் முதல் வார்த்தை என்ன? ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக! இது நக்கல் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் சொன்னது பொய்யாகிப் போனால் நன்றாக இருக்குமே என்று அந்த மனுஷன் நிஜமாகவே ஆசைப்பட்டிருக்கிறார். அப்புறம் அனனியா நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். புதுச் சொல் வந்த பிறகுதான் திரும்பி வந்து, இந்த வருடமே நீ சாவாய் என்கிறார். அந்த வருடம் ஏழாம் மாதத்தில் அனனியா செத்தான் என்று அதிகாரம் முடிகிறது. ஒரே வரி. பார்த்தீர்களா, கேட்டீர்களா என்று ஒரு சொல் கிடையாது. உங்கள் கடிதத்திலோ அந்தச் சுவருக்கு மேலும் உண்டு, கீழும் உண்டு.

நினிவே நகரம் அழியும் என்ற செய்தியை யோனா தீர்க்கதரிசியும் சரியாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். எபிரெயத்தில் ஐந்தே வார்த்தை, ஒன்றும் குறையவில்லை. பிறகு ஊருக்கு வெளியே குடிசை போட்டு, எப்போது விழும் என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது அந்தக் குடிசையில்.

நானும் அங்கே இருந்தவன். இருபத்தைந்து வயதில், சபைப் பொருளாளர் ஒருவரை மனதில் வைத்து, கர்த்தருக்கென்று ஒதுக்கியதைத் திருடி ஒளித்த ஆகானின் கதையைப் பிரசங்கம் செய்தேன். ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்தில் கை வைத்திருந்தார். பிரசங்கத்துக்கு முந்தின இரவு முழுக்கத் தூக்கமில்லை, காலையில் வாந்தி எடுத்தேன். பிறகு ஆறு மாதம் என்னை யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் கணக்கைப் பார்த்தபோது நான் சொன்னது உண்மை என்று தெரிந்தது. பொருளாளர் கணக்குப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு பின்வாசல் வழியாகப் போனார். அழகான கையெழுத்து அவருக்கு, பொய்க் கணக்கையும் கோடு போட்டு எழுதியிருந்தார். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன் தம்பி. அந்த ஆறு மாதத்தில் பட்டதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்தத் தூக்கம் மறக்கவில்லை. அந்தக் குடும்பம் எங்கே போனது என்று நான் விசாரிக்கக்கூட இல்லை.

எரேமியா சபிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சபித்தார். 18ஆம் அதிகாரத்தில் அவர் எதிரிகளின் பிள்ளைகளுக்குக் கேட்பதை வாய்விட்டு வாசிக்கவே தயக்கமாக இருக்கும். ஆனால் அதைக் கர்த்தரிடம் கொட்டுகிறார். பிறகு தெருவில் இறங்கி, தயவுசெய்து பணிந்து பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அதே ஜனங்களைக் கெஞ்சுகிறார். நீங்களும் கொட்டுங்கள். எனக்கு எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? சரி. இல்லை. நீங்கள் சொன்ன விதத்தில் குறை எனக்குத் தெரியவில்லை. மேடையை விட்டு இறங்கிய பிறகு நடந்ததில்தான் தெரிகிறது.

பாபிலோன் படையிடம் எருசலேம் விழுந்ததும் எரேமியாவும் கைதிகளோடு ராமாவில் விலங்கு மாட்டி நின்றார். நேபுசராதான் என்ற பாபிலோன் தளபதி விலங்கைக் கழற்றி, என்னோடு வாரும், உம்மைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நாற்பது வருடம் சொன்னது பலித்துவிட்டது. போயிருந்தால் யார் குறை சொல்வார்கள்? அவர் மிஸ்பாவுக்குத் திரும்பினார், மிச்சமிருந்த ஜனங்களோடு இருக்க. அவர்களும் பிறகு அவர் பேச்சைக் கேட்கவில்லை, எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

மூப்பர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பிரசங்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். கதவைச் சாத்தினால் திரும்பி வாருங்கள்.

இன்னொன்று. பட்டியல், நண்பர்கள், யூடியூப், சுவர் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொத்தனார்களுக்குக் கூலி கிடைத்ததா?