போனதும் போயிருந்ததும் – கடிதம்

அன்புள்ள சார்,

எங்கள் பாட்டி போன மாதம் தவறிவிட்டார். மறுநாள் விடுப்புக்காக என் டீம் லீடருக்கு ‘மை கிராண்ட்மதர் ஹேட் எக்ஸ்பயர்ட் யெஸ்டர்டே’ என்று மெயில் போட்டேன். விடுப்பு கிடைத்தது. கூடவே ‘ஹேட் வராது’ என்று ஒரு திருத்தமும் வந்தது. அப்படியானால் ‘ஹேஸ்’ போட்டிருக்க வேண்டுமா? பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். தமிழில் இறந்தகாலம் ஒன்றுதான், ஆங்கிலத்தில் நான்கு இருக்கின்றன. அதனால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். எதை எங்கே போடுவது என்று சுலபமாக ஒரு வழி சொல்லுங்கள். ‘டிட் யூ ஈட்’, ‘ஹேவ் யூ ஈட்டன்’, எது சரி? இதற்கு நல்ல ஆப் ஏதாவது உண்டா?

எம்., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள எம்.,

பாட்டிக்கு என் அஞ்சலி. சாவுச் செய்திக்குப் பதிலாக இலக்கணம் அனுப்பிய அந்த மனிதரை எனக்குப் பிடிக்கவில்லை. திருத்தம் சரி, திருத்திய நேரம் சரியில்லை.

ஆப் வேண்டாம். சாப்பிட்டாயா என்று அமெரிக்கர்கள் ‘டிட்’ போட்டுக் கேட்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஹேவ்’ போட்டுக் கேட்பார்கள். இரண்டும் சரி. எனக்குக் கோபம் வந்தது வேறு ஒரு வரியில். தமிழில் இறந்தகாலம் ஒன்றுதானா? யார் சொன்னது அம்மணி? போனேன், போயிருக்கிறேன், போயிருந்தேன், போய்விட்டேன், போய்க்கொண்டிருந்தேன். இதையெல்லாம் தினமும் தடுமாறாமல் சொல்கிற வாயை வைத்துக்கொண்டு, தமிழ் மீடியத்தின் மேல் பழியைப் போடுகிறீர்களே!

காலம் மூன்று என்று தொல்காப்பியர் சொன்னது உண்மை. ஆனால் அந்த மூன்றும் எங்கெல்லாம் இடம் மாறும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். செருப்பைக்கூட மாட்டாமல் ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, அதற்கு அங்கே விதி இருக்கிறது. விரைவு காரணமாக எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தின் கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. வினைச்சொல்லின் உடம்பிலேயே காலம் காட்டும் வடிவங்கள் அங்கே இரண்டுதான்: கோ, வென்ட். மற்றதெல்லாம் ஹேவ், பி, வில் என்ற துணைவினைகளின் வேலை. நமக்கு ‘இரு’, ‘விடு’, ‘கொள்’ செய்கிற அதே வேலை.

இன்னொன்று. நீங்கள் தமிழில் யோசித்திருந்தால் அந்தத் தப்பே வந்திருக்காது. ‘நேத்து பாட்டி தவறியிருந்தாங்க’ என்றா அன்றைக்கு உறவுக்காரர்களுக்குப் போன் செய்தீர்கள்? ‘தவறிட்டாங்க’ என்றுதானே சொல்லியிருப்பீர்கள். அதன் நேர் ஆங்கிலம் ‘டைட்’ (died). ‘ஹேட்’ வந்தது தமிழிலிருந்து அல்ல, பயத்திலிருந்து. ஆபீசுக்கு எழுதும்போது ஒரு ‘ஹேட்’ சேர்த்தால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. காய்ச்சல் விட்டு, குளித்து, பள்ளிக்குத் திரும்பி வந்த பிறகும் ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று லீவ் லெட்டர் நீட்டி வளர்ந்தவர்கள் நாம். கடிதத்தில் உண்மையான காலத்தை எழுதும் பழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

தமிழ் காலை வாருகிற இடங்களும் உண்டு. நம் கேரள–தமிழக எல்லைப்பக்கத்தில் அது தமிழ், மலையாளம் இரண்டு மொழியிலிருந்தும் வாரும். ‘நேத்து பாலக்காடு போயிருந்தேன்’ என்பது நல்ல தமிழ். போய்விட்டுத் திரும்பியும் வந்தாயிற்று என்று பொருள். மலையாளத்திலும் ‘இன்னலெ போயிருந்நு’ என்பார்கள். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் டு பாலக்காடு யெஸ்டர்டே’ என்று எழுதினால், ஆங்கிலம் படிப்பவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். அங்கே ‘ஹேட்’ தனியாக வராது. பிந்தி நடந்த ஒன்று பக்கத்தில் வேண்டும். நான் ஸ்டாண்டுக்குப் போனபோது பஸ் போயிருந்தது என்றால் ‘தி பஸ் ஹேட் லெஃப்ட்’. வெறும் ‘லெஃப்ட்’ என்று எழுதினால், நான் போய்ச் சேரவும் பஸ் கிளம்பவும் சரியாக இருந்தது என்று ஆகிவிடும்.

இதையெல்லாம் போன வாரம்தான் தங்கை மகனிடம் கத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படிக்கிறான். பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். ஆனால் ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதி வைத்திருந்தான். அந்தப் பையன் மேல் தப்பில்லை. காலையில் எழுந்து வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்தால் ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்கிறோம். விழித்திருந்து பார்த்தவர் ‘மழை பெஞ்சுது’ என்பார். கண்ணால் பார்த்ததையும் ஈரத்தை வைத்து ஊகித்ததையும் தமிழ் இப்படி ஒரு ‘இருக்கு’வில் பிரித்துவிடுகிறது. ஆங்கில ‘ஹேஸ்’ அந்த வேலையைச் செய்யாது. இரண்டுக்கும் ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’தான். ஊகம் என்று காட்டியே தீர வேண்டுமென்றால் ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட்’. இதைச் சொல்லிக்கொடுக்காமல் பன்னிரண்டு கட்டத்தை எதற்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்?

எங்களுக்கு ஒரு மாஷ் (மலையாளத்தில் வாத்தியார்) இருந்தார். மலையாளம் டிவிஷன், தமிழ் டிவிஷன் இரண்டுக்கும் அவரே ஆங்கிலம். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அட்டவணையே போட்டதில்லை. யார் எந்த வாக்கியம் சொன்னாலும் சாக்பீஸை நீட்டி ‘எப்போ?’ என்பார். அதற்குப் பதில் வாக்கியத்துக்குள்ளேயே இருந்தால் சிம்பிள் பாஸ்ட், அதாவது ‘ஹேவ்’, ‘ஹேட்’ எதுவும் சேராத வெறும் ‘வென்ட்’. “ஹேவும் யெஸ்டர்டேயும் ஒரே பஸ்ல ஏறாதுடா” என்று கத்துவார். அவர் தந்த உதாரணம் எங்கள் ஊரே. கொச்சி ராஜ்யத்தில் இருந்த சித்தூர் (நம்ம சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல) 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தின் பகுதியானது. ‘சித்தூர் பிகேம் பார்ட் ஆஃப் கேரளா இன் 1956.’ எப்போ? 1956-இல். தேதி விழுந்துவிட்டது, சிம்பிள் பாஸ்ட். ‘சித்தூர் ஹேஸ் பீன் இன் கேரளா சின்ஸ் 1956.’ இங்கேயும் 1956 இருக்கிறதே என்று கேட்போம். அது தொடங்கிய இடம், இன்னும் முடியவில்லை, அதனால் ஹேஸ் என்பார். ‘டுடே’யும் அப்படித்தான். இன்றைய நாள் இன்னும் தீரவில்லை, ஆகவே ‘ஐ ஹேவ் சீன் ஹிம் டுடே’ செல்லும்.

காந்திக்கு வந்தபோதுதான் எனக்கு மாஷோடு சண்டை. காந்தி பாலக்காட்டுக்கு வந்திருக்கிறார், அகத்தேத்தரை சபரி ஆசிரமத்தில் தங்கியிருக்கிறார். நான் ‘காந்தி ஹேஸ் விசிட்டட் பாலக்காடு’ என்று எழுதினேன். அடித்துவிட்டார். “எப்போன்னே இதுல சொல்லலையே மாஷே” என்று மல்லுக்கட்டினேன். ஆள் இல்லை, அதனால் ஹேஸ் இல்லை என்றார். பாலக்காட்டை எழுவாயாக்கி ‘பாலக்காடு ஹேஸ் பீன் விசிட்டட் பை காந்தி’ என்றால் ஓரளவு ஒப்புக்கொள்வாராம், ஏனென்றால் பாலக்காடு இருக்கிறது. அன்றைக்கு இது சுத்த அநியாயமாகப் பட்டது. இப்போதும் தமிழ்தான் பெருந்தன்மையானது என்று வாதாடுவேன். உங்கள் பாட்டி பழனிக்கு நடந்தே போனவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எங்க பாட்டி பழனிக்கு நடந்தே போயிருக்காங்க’ என்று அவர் இருந்தபோதும் சொல்லலாம், இன்றும் சொல்லலாம், உங்கள் பேத்தியிடமும் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டு மாதம் முன்பு ‘ஷி ஹேஸ் வாக்ட் டு பழனி’ சரி. இன்றைக்கு ‘ஷி வாக்ட்’ மட்டும்தான். ‘ஷி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஆல் ஹர் லைஃப்’ கூட ‘ஷி லிவ்ட்’ ஆகிவிடும்.

உங்கள் மெயிலுக்கு வருகிறேன். ‘யெஸ்டர்டே’ இருப்பதால் ‘டைட்’. அதை எடுத்துவிட்டால் ‘ஹேஸ் டைட்’டும் சரிதான், புதுச் செய்தியை அப்படிச் சொல்வது உண்டு. ‘எக்ஸ்பயர்ட்’ இருந்துவிட்டுப் போகட்டும், நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பயிற்சி வேண்டுமென்றால் பாட்டியைப் பற்றி முதலில் தமிழில் எழுதுங்கள். ‘விடியும் முன்னே எழுவாங்க, வேலந்தாவளம் வரைக்கும் நடப்பாங்க, திட்டுவாங்க’ என்று தானாக வரும். பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம், ஆங்கிலமும் அதே இடத்தில் ‘வுட்’ போடுகிறது: ‘ஷி வுட் வாக்’. ‘இருந்தாங்க’ என்று நிலையைச் சொல்கிற இடத்தில் மட்டும் ‘வுட்’ ஆகாது, அங்கே ‘யூஸ்ட் டு லிவ்’. எழுதி எனக்கு அனுப்புங்கள், டீம் லீடருக்கு வேண்டாம். ஒரு பக்கம் போதும். தமிழையும் சேர்த்தே அனுப்புங்கள், நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.