விக்டோரியா கால லண்டனில் நடக்கும் ஆவி மர்ம நாவல் எழுதுகிறேன். நடுவில் காதல் மெதுவாக வளர வேண்டும். எப்படி அமைப்பது?

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்த அறுபத்து மூன்று வருஷத்துச் சாமான்களையும் ஒரே வீட்டுக்குள் அடுக்கினால் கதை பொருட்காட்சி ஆகிவிடும்.

என் சிபாரிசு 1876. சிலேட்டில் ஆவி எழுதுகிறது என்று காசு வாங்கிய அமெரிக்க மீடியம் (ஆவிகளோடு பேசுவதாகச் சொல்பவர்) ஹென்றி ஸ்லேடின் சிலேட்டை, ரே லாங்கெஸ்டர் என்ற விலங்கியல் பேராசிரியர் அந்த செப்டம்பரில் வெடுக்கென்று பிடுங்கினார். ஆவி எழுத ஆரம்பிக்கும் முன்பே எழுத்து அதில் இருந்தது! வழக்கு பௌ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்குப் போய், ஸ்லேடுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். மேல்முறையீட்டில், குற்றச்சாட்டில் சட்டத்தின் சில சொற்கள் விடுபட்டுப்போனதால் தண்டனை ரத்தானது. ஊரே இதைப் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆவிகளை அறிவியல் முறையில் ஆராயும் சங்கம் லண்டனில் தொடங்கியது 1882-இல்தான் என்பதால், சொந்தமாகத் துப்புத் துலக்கும் ஒருவனுக்கு அப்போது நிறைய இடம் இருந்தது. அவன்தான் உங்கள் நாயகன்.

நாயகியை, கணவன் விட்டுப்போன போட்டோ ஸ்டூடியோவை நடத்தும் விதவையாக வையுங்கள். கல்யாணமாகாத பெண் என்றால் போகுமிடமெல்லாம் துணைக்கு ஒரு அத்தையைக் கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். அந்த அத்தைக்கும் நீங்கள் வசனம் எழுத வேண்டும். விதவைக்கு அந்தத் தொல்லை குறைவு. துக்க உடை ஏறக்குறைய இரண்டு வருஷம்: முதலில் மினுமினுப்பே இல்லாத கறுப்பு, பிறகு சாதாரணக் கறுப்பு, கடைசியில் சாம்பல், வெளிர் ஊதா. காதல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை உடையின் நிறமே சொல்லிவிடும்.

அவளுடைய விரல்கள் கறுத்திருக்கும். அந்தக் காலத்துப் படம் ஈரக் கண்ணாடித் தகட்டில் எடுப்பது. தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பரப்பி, சில்வர் நைட்ரேட் தொட்டியில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி, ஈரம் காய்வதற்குள், அதாவது சுமார் பத்து நிமிடத்துக்குள், படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். அந்த நைட்ரேட் கறை லேசில் போகாது. அதனால் வெளியே போனால் அவள் கையுறையைக் கழற்றவே மாட்டாள். மூன்றாம் அத்தியாயத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

இனி ஆவிக்கூட்டம். இருட்டறையில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் கை கோத்துக்கொள்வார்கள். மீடியத்தின் இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவள் கைகளைப் பிடித்திருப்பார்கள். அங்கே கையுறை கிடையாது என்று வையுங்கள். மீடியம் உடம்பை உதறுவதுபோல் உதறி இரண்டு கைகளையும் நெருக்கிக்கொண்டுவந்து ஒன்றை உருவிக்கொள்வாள். மிச்சமிருக்கும் ஒரே கையின் மணிக்கட்டை ஒருவரும் விரல்களை இன்னொருவரும் பிடித்துக்கொண்டு, இரண்டு கையும் நம்மிடம்தானே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். 1895-இல் கேம்பிரிட்ஜில் இத்தாலிய மீடியம் யூசேப்பியா பல்லடினோவின் குட்டு உடைந்தது இந்த வித்தையில்தான். உங்கள் கதையில் அந்த இரண்டு பேரும் நாயகனும் நாயகியும். இருட்டில் அவர்கள் விரல்கள் ஒன்றையொன்று தொட்டால், மீடியத்தின் ஒரு கை வெளியே இருக்கிறது என்று அர்த்தம். முதல் ஸ்பரிசமும் முதல் துப்பும் ஒரே நொடியில். இதைப் பாதிக் கதைக்கு முன்னால் செலவழித்துவிடாதீர்கள்.

அவளுடைய இருட்டறையும் உதவும். கொலோடியன் மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் மஞ்சள் கண்ணாடி வழியாக மங்கலாக வெளிச்சம் வரும். தகடு திறந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு ஆணும் பெண்ணும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்க அந்த ஊரில் இதைவிட யோக்கியமான காரணம் கிடைக்காது.

ஆவிப் படத்தின் முடிச்சும் அங்கேயே. பழைய தகட்டைச் சுரண்டித் திரும்பப் பயன்படுத்துவார்கள். சரியாகத் தேய்க்காவிட்டால் முந்தைய முகம் புகைபோலத் தெரியும். "ஆவி"யைப் பார்த்ததும் அவளுக்கு அது தன் கடைக்கு வந்த வாடிக்கையாளர் என்று தெரிந்துவிட வேண்டும். கொலைக்கு விஷம் தேடி அலைய வேண்டாம்: படத்தை நிலைநிறுத்தப் பலர் பொட்டாசியம் சயனைடுதான் வைத்திருந்தார்கள். போலீசின் முதல் சந்தேகம் அவள் மேல் விழும்.

பெரும்பாலான கதைகள் படுப்பது நிஜ ஆவி வந்த பிறகு. ஆவி கொலைகாரன் பெயரைச் சொல்லிவிட்டால் துப்பறிகிறவனுக்கு என்ன வேலை? செத்தவருக்குச் சாகும்போது தெரிந்ததற்கு மேல் ஆவிக்கும் தெரியக் கூடாது. பின்னாலிருந்து தாக்கப்பட்டவருக்குத் தாக்கியவன் முகம் தெரியாது. ஐந்து அதிசயங்கள் வைத்தால் நாலுக்குக் கயிறும் கம்பியும் காட்டுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள்.

ஆவியோடு பேச எழுத்துகள் போட்ட வூஜா பலகை (1890-க்குப் பிறகு), மீடியத்தின் உடம்பிலிருந்து வருவதாகச் சொன்ன பொருளுக்கு எக்டோபிளாசம் என்ற சொல், ஸ்காட்லாந்து யார்டின் கைரேகைப் பிரிவு (1901) மூன்றும் 1876-க்குள் வரக் கூடாது.

வசனத்தில் உங்களுக்கு ஒரு லாபம். ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான். தமிழில் நீங்கள், நீ இரண்டும் இருக்கின்றன. குடும்பப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் முதல் பெயருக்கு மாறும் அதே வரியில் "நீ" வரட்டும், முக்கால் கதை தாண்டிய பிறகு.

கல்யாணம் தள்ளிப்போக வலுவான காரணம் சட்டத்திலேயே உண்டு. மனைவியின் சொத்து அவளுக்கே என்ற முழு உரிமை 1882 சட்டத்தில்தான் வந்தது. 1870 சட்டம் முக்கியமாக அவள் சம்பாத்தியத்தைத்தான் காத்தது. முன்கூட்டி ஒப்பந்தம் எழுதாமல் மறுமணம் செய்தால் கேமரா, தகடுகள் எல்லாம் புதுக் கணவனுக்குப் போய்விடும். ஆகவே நாயகன் கடைசியில் மோதிரத்தோடு வரும்போது, ஸ்டூடியோவை அவள் பேரிலேயே காக்கும் பத்திரமும் சட்டைப்பையில் இருக்கட்டும். அவள் முதலில் அதைத்தான் வாங்கிப் படிப்பாள், கையுறை இல்லாமல்.